சுவருக்கு அந்தப் பக்கம் காதலித்தவர்கள்: கேள்வி பதில்

1984 இல் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லினில் இறங்கி, அன்றைக்கே ரயிலேறி மேற்குக்குப் போனவன் நான். முப்பது வருசத்துக்கு மேல் அங்கே இருந்துவிட்டு இப்போது கோண்டாவிலில் இருக்கிறேன். அப்போது தனி நாடாக இருந்த கிழக்கு ஜெர்மனியில் ஸ்டாசி என்ற உளவுத்துறையின் கண்ணுக்குக் கீழே காதலித்தவர்களைப் பற்றிப் போன கிழமை எழுதினேன், அதற்கு வந்த கேள்விகள் இவை.

கொக்குவில் தங்கச்சி: ஐயா, காதலிப்பதே அங்கே குற்றமா?

இல்லை பிள்ளை. மேற்கு ஜெர்மனிக்காரரை விரும்பினால்தான் வில்லங்கம். கலியாணத்துக்கும் அனுமதி, வெளியேறவும் அனுமதி, கேட்ட நாளில் இருந்து வேலையிடத்தில் நெருக்கடி. வேறு நாட்டாரைக் கட்டக் கேட்பவர்களுக்கு இடம் கொடுப்போம் என்று 1975 இல் ஹெல்சிங்கி மாநாட்டில் கிழக்கு ஜெர்மனியும் மற்ற நாடுகளோடு சேர்ந்து கையெழுத்து வைத்தது, அதற்குப் பிறகும் பலர் வருசக்கணக்காகக் காத்திருந்தார்கள். சோவியத்தில் ஸ்டாலின் 1947 இல் வெளிநாட்டவரைக் கட்டுவதைச் சட்டம் போட்டே தடுத்தார். அவர் செத்த 1953 இல்தான் அதை எடுத்தார்கள்.

சுண்டிக்குளி தம்பி: இரண்டு பேர் விரும்புவது அரசாங்கத்துக்கு எப்படித் தெரியவரும்?

1989 இல் ஸ்டாசிக்கு முழுநேர ஊழியர் மட்டும் ஏறத்தாழ 91,000 பேர், இரகசியமாகத் தகவல் கொடுத்தவர்கள் அதைவிட மேலே 1,70,000 க்கும் அதிகம். கடித உறையை ஆவியில் பிடித்துக் கிழியாமல் திறந்து, படம் எடுத்து, திரும்ப ஒட்டி அனுப்புவார்கள். அவர்களுடைய தலைமையகம் இப்போது நூதனசாலை. அங்கே மூடி இறுக்கிய கண்ணாடிப் போத்தலுக்குள் ஒரு மஞ்சள் துணி வைத்திருக்கிறார்கள், விசாரணைக்கு வந்தவர் இருந்த கதிரையில் விரித்தது, நாய்க்கு மோப்பம் காட்ட அவருடைய வாசத்தைச் சேமித்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது என்னை அறியாமல் மனுசியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மானிப்பாய் அக்கா: கட்டின மனுசனே காட்டிக்கொடுத்த கதை உண்மையா தம்பி?

உண்மை அக்கா. வேரா வோலன்பெர்கர் அரசை எதிர்த்துப் போராடியவர், 1988 இல் சிறைக்கும் போனவர். கிழக்கையும் மேற்கையும் பிரித்த பெர்லின் சுவர் விழுந்த பிறகு ஸ்டாசியின் கோப்புகள் திறந்தபோதுதான், தன்னைப் பற்றி ‘டொனால்ட்’ என்ற பெயரில் தகவல் கொடுத்தது தன் புருசன் க்னுட் என்று அறிந்தார். ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேசை, வளர்த்த பிள்ளைகள். மணவிலக்கு எடுத்தார். கனகாலத்துக்குப் பிறகு க்னுட் மன்னிப்புக் கேட்டு எழுத, வேரா மன்னித்தார். எனக்கு அந்த மனம் வருமோ என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

அதே அக்கா: வேண்டுமென்றே பிரித்தும் வைத்தார்களா?

ஓம், எழுத்தில் கட்டளையே இருந்தது, 1976 இல் வந்தது. ஜெர்மன் மொழியில் ‘ட்செர்செட்சுங்’, சிதைத்தல் என்று சொல்லலாம். பெயரில்லாத கடிதம், புருசனுக்கு வேறு தொடர்பு என்று ஒரு கதை, அவ்வளவு போதும். பிடித்து அடைத்தால் வெளிநாட்டில் கேள்வி வரும், வீட்டுக்குள் சந்தேகத்தைப் போட்டால் யார் செய்தது என்றே தெரியாது. எல்லாவற்றிலும் கொடுமை இதுதான் என்பேன், ஏனென்றால் சிறைக்குள் இருப்பவருக்கும் வெளியே ஒருவர் காத்திருக்கிறார் என்ற நம்பிக்கை மிஞ்சும், இதில் அதுவும் போய்விடும்.

உரும்பிராய் பெடியன்: என் அப்பாவும் உங்களைப் போல அந்த வழியாகப் போனவர். அவருக்கும் கோப்பு இருக்குமா?

இருக்கலாம். 1992 தொடக்கம் தன் கோப்பைப் பார்க்க யாரும் விண்ணப்பிக்கலாம், வெளிநாட்டவரும்தான். 2021 இல் இருந்து எல்லாம் ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தின் கையில், மொத்தம் 111 கிலோமீற்றர் நீளத் தாள்கள். அடையாளத்தை உறுதிப்படுத்திய படிவம் வேண்டும், காசு கட்டத் தேவையில்லை. அப்பாவை முதலில் கேளுங்கள் தம்பி, பார்க்க விருப்பமா என்று.