மறுமொழி: ஒன்றரை வருடமாகியும் உறவு கொள்ள முடியவில்லை

நண்பரே, நெருங்கினாலே மனைவிக்கு உடம்பு இறுகி வலிக்கிறது, மகப்பேறு மருத்துவர் பரிசோதித்துவிட்டுப் பாலியல் சிகிச்சையாளரிடம் போகச் சொல்கிறார், அங்கே போய் என்னதான் பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் சொல்வது வெஜைனிஸ்மஸ் போலத் தெரிகிறது. உறுதி செய்ய வேண்டியவர் மருத்துவர்தான். அதாவது, பிறப்புறுப்பைச் சுற்றியுள்ள இடுப்புத்தளத் தசைகள் மனைவி நினைக்காமலேயே இறுகிக்கொள்ளும். கண்ணருகே விரல் வந்தால் இமை தானாக மூடுகிறதே, அப்படி. அதனால் ‘என்னைப் பிடிக்கவில்லையோ’ என்ற சந்தேகத்தை முதலில் விடுங்கள்.

சிகிச்சையில் முதல் வேலையே உறவுக்குத் தடை போடுவதுதான்! அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் 1970-இல் எழுதிய முறை இன்றும் அதற்கு அடிப்படை. சில வாரங்களுக்கு வெறும் தொடுதல் மட்டும், அதுவும் அந்தரங்க உறுப்புகளை விட்டுவிட்டு, மாறி மாறி. ‘இன்றைக்கு முடிந்தாக வேண்டும்’ என்ற கட்டாயம் போனதும் பயம் தணியும். அப்புறம் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி. பிறகு, பிறப்புறுப்பைப் பழக்கப்படுத்த உள்ளே வைக்கும் வழுவழுப்பான குழல் வடிவ டைலேட்டர்கள், சிறியதில் தொடங்கி அளவு கூடும். அவற்றை மனைவியே தன் வேகத்தில் பயன்படுத்துவார். பயிற்சியெல்லாம் உங்கள் வீட்டில்தான். சிகிச்சையாளருடன் பேச்சு மட்டுமே, அவர் யாரையும் தொடமாட்டார்.

‘பல்லைக் கடித்துக்கொள்’ என்பது போன்ற யோசனைகள் இறுக்கத்தைத்தான் கூட்டும். லாட்ஜில் தங்கி லேகியம் விற்பவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரியுங்கள். முதல் தடவையே இருவரும் சேர்ந்து போங்கள். ‘விசேஷம் இல்லையா’ என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு ‘டாக்டரைப் பார்க்கிறோம்’ என்ற ஒரு வரி போதும், அதையும் நீங்களே சொல்லுங்கள்.