முதலில் எந்த கிளப்பை மாற்றுவது? புதிதாக கோல்ஃப் ஆடுபவர்களின் கேள்விகளும் பதில்களும்

பதினெட்டு வருடமாக ஆடுகிறேன். அதில் பாதிக்கும் மேல் வீட்டிலேயே கைப்பிடி ரப்பரான கிரிப்பை மாற்றுவது, தண்டான ஷாஃப்ட்டை வெட்டுவது என்று நண்பர்களின் கிளப்புகளையும், அதாவது கோல்ஃப் மட்டைகளையும், பார்த்துக் கொடுத்து வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், கேளுங்கள்.

சென்னையிலிருந்து: அண்ணா, எட்டு மாதமாக ஆடுகிறேன். மாமா கொடுத்த பழைய செட். இப்போது கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. முதல் அடிக்கு எடுக்கும் பெரிய கிளப்பான டிரைவரில் அடித்தால் பந்து எல்லாம் வலப்பக்கமே போகிறது. புது டிரைவர் வாங்கிவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள் தம்பி. முதலில் பழைய டிரைவரை வெளிச்சத்தில் பிடித்து, இடது கட்டைவிரல் உட்காரும் இடத்தைப் பாருங்கள். மாமாவின் செட் என்றால் அந்த இடம் தேய்ந்த சைக்கிள் டயர் மாதிரி வழவழவென்று மின்னும். நம் ஊர் வேர்வையில் ரப்பர் சீக்கிரம் இறுகிவிடும். கிரிப் வழுக்கினால் கை தானாகவே இறுக்கிப் பிடிக்கும். பிடி இறுகினால் முன்கை விறைத்துப் போகும். கிளப் முகம் மூட வேண்டிய நேரத்தில் மூடாமல் திறந்தே வரும். பந்து வலப்பக்கம் வளைந்து போகும் ஸ்லைஸ் பல பேருக்கு இப்படித்தான் வருகிறது.

வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் தேய்க்கும் சோப்பு, பழைய டூத் பிரஷ் வைத்து எல்லா கிரிப்பையும் தேய்த்துக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். அதற்கப்புறமும் வழுக்கினால் மாற்றிவிடுங்கள். புது டிரைவர் ஒன்றின் விலையில் மொத்த செட்டுக்கும் கிரிப் மாற்றிவிட்டு மீதியும் வரும். இன்னொன்று: வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் கிளப்பை விட்டு வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் கிரிப்புக்கு அடியில் இருக்கும் டேப்பும் தளரும், தலையை ஒட்டியிருக்கும் பசையும் தளரும்.

கிரிப் சரியானதும் ஐந்து ரவுண்ட் ஆடுங்கள். ஸ்கோர் கார்டின் ஓரத்தில் ஒரே ஒரு கணக்கு மட்டும் போதும். நன்றாக அடித்தும் பந்து தப்பாகப் போனால் அந்த கிளப்பின் பேரில் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். மோசமாக அடித்து மோசமாகப் போனதற்குக் குறி வேண்டாம். அது ஸ்விங்கின் தப்பு, புது கிளப் அதைத் திருத்தாது. எந்த கிளப்புக்கு அதிகக் குறி விழுகிறதோ அதை முதலில் மாற்றுங்கள்.

அதே நண்பர்: நன்றாக அடித்தேனா இல்லையா என்று எப்படி அண்ணா தெரிந்துகொள்வது?

பயிற்சி செய்யும் இடமான ரேஞ்சில் பார்க்கலாம். வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கரால் பந்தின் பின்பக்கம், அதாவது கிளப் படும் பக்கத்தில், பெரிய பொட்டு வையுங்கள். அடித்ததும் மை கிளப் முகத்தில் ஒட்டியிருக்கும். நடுவில் இருந்தால் நன்றாக அடித்திருக்கிறீர்கள். நுனியிலோ, ஷாஃப்ட் பக்கத்திலோ இருந்தால் இல்லை. பத்துப் பந்து அடித்துப் பார்த்தால் கையில் வரும் உணர்வும் மையின் இடமும் பழகிவிடும். மைதானத்தில் பை தூக்கி வரும் உங்கள் கேடியையும் கேளுங்கள். அவருக்குச் சத்தத்திலேயே தெரியும்.

கோவையிலிருந்து: சார், பெட்டி செட்டாக வாங்கினேன். இரும்புத் தலை கிளப்புகளில் 7 அயர்ன், 9 அயர்ன் பரவாயில்லை. ஆனால் குழி இருக்கும் கிரீனுக்கு எண்பது யார்டு இருக்கும்போது என்ன எடுப்பது என்றே தெரியவில்லை. கிட்டத் தூரத்துக்கான வெட்ஜ்களில் பிட்சிங் வெட்ஜ் தாண்டிவிடுகிறது, சாண்ட் வெட்ஜ் எட்டவில்லை.

இது உங்கள் கையின் குறை இல்லை சார், செட்டிலேயே இருக்கும் ஓட்டை. இப்போது வரும் செட்களில் அயர்ன் தூரம் போக வேண்டும் என்று லாஃப்ட்டை, அதாவது முகம் பின்னால் சாய்ந்திருக்கும் கோணத்தை, குறைத்து விடுகிறார்கள். பிட்சிங் வெட்ஜ் 44 டிகிரி இருக்கும், சாண்ட் வெட்ஜோ வழக்கம்போல 56. மற்ற அயர்ன்களுக்கு நடுவே நாலைந்து டிகிரி இடைவெளி, இங்கே மட்டும் 12. எண்பது யார்டு பந்தை அடிக்க அந்த இடத்தில் உங்களிடம் கிளப்பே கிடையாது.

50 டிகிரி வெட்ஜ் ஒன்று வாங்குங்கள். செகண்ட் ஹேண்ட் போதும், முகத்தில் இருக்கும் கோடுகள் தேயாமல் இருந்தால் சரி. வாங்கும் முன் உங்கள் பிட்சிங் வெட்ஜின் லாஃப்ட்டை அந்த கம்பெனியின் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். 46 என்றால் 51, 52 பக்கம் போகலாம். உங்களுக்கு முதல் செலவு இதுதான், சந்தேகமே இல்லை.

கோலாலம்பூரிலிருந்து: அண்ணா, மணல் குழியான பங்கரில் பந்து இறங்கினால் வெளியே எடுக்க மூன்று தடவைக்குக் குறையாமல் அடிக்க வேண்டியிருக்கிறது. சாண்ட் வெட்ஜ் மாற்றினால் சரியாகுமா?

வெட்ஜைத் திருப்பி அதன் அடிப்பாகத்தைப் பாருங்கள் தங்கச்சி. முன்விளிம்பை விடப் பின்பாகம் கீழே இறங்கியிருக்கிறதா? அந்தச் சாய்வுதான் பவுன்ஸ். மணலில் கிளப் புதைந்துபோகாமல் வழுக்கிக்கொண்டு வெளியே வருவது அதனால்தான். அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சாரசென் 1930களின் தொடக்கத்தில் தன் கிளப்பின் அடியில் ஈயத்தைப் பற்றவைத்து இந்தச் சாய்வை உண்டாக்கினார். 1932இல் இங்கிலாந்தின் பிரின்சஸ் மைதானத்தில் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றபோது அந்த கிளப் அவர் கையில் இருந்தது. அதற்கு முன் பங்கர் என்றால் பெரிய ஆட்டக்காரர்களுக்கே பயம்தான்.

பொலபொலவென்ற மணலுக்கு 12, 14 டிகிரி பவுன்ஸ் நல்லது. உங்கள் பக்கம் மழை அதிகம், மணல் ஈரத்தில் இறுகிக் கிடக்கும். அங்கே அவ்வளவு பவுன்ஸ் இருந்தால் கிளப் துள்ளி நேராகப் பந்தின் தலையில் அடிக்கும். பத்துக்குப் பக்கத்தில் இருப்பதாகப் பாருங்கள். ஆனால் வாங்கும் முன் பயிற்சியாளரான ஒரு புரோவிடம் அரை மணி நேரம் பங்கர் பாடம் எடுத்துக்கொள்ளுங்கள். முகத்தைத் திறந்து வைக்கத் தெரியாவிட்டால் எந்த வெட்ஜிலும் பவுன்ஸ் சரியாக வேலை செய்யாது.

கொழும்பிலிருந்து: அண்ணை, ஒருத்தர் கிரீனில பந்தை உருட்டுற பட்டர்தான் முதல் எண்டு சொல்லுறார், இன்னொருத்தர் டிரைவர் எண்டு சொல்லுறார். எதை நம்புறது?

இரண்டு பேரிடமும் பாதி உண்மை இருக்கிறது. பார் 72, அதாவது 72 தடவை அடித்து முடிக்க வேண்டிய மைதானத்தில் 36 தடவை பட்டருக்கென்றே கணக்கு. அதனால் பட்டர்தான் எல்லாம் என்று தோன்றும். ஆனால் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, ஏராளமான அடிகளின் கணக்கை எடுத்து ஆராய்ந்தார். நல்ல ஆட்டக்காரருக்கும் சுமாரானவருக்கும் உள்ள வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நூறு யார்டுக்கு அப்பாலிருந்து அடிக்கும் அடிகளில்தான் வருகிறது என்று காட்டினார்.

அதனால் பட்டருக்குப் பெரும் பணம் வேண்டாம், உயரம் சரியாக இருந்தால் போதும். கடையில் கிடைப்பது பெரும்பாலும் 34, 35 அங்குலம். ஐந்தடி நாலு அங்குல உயரக்காரருக்கு 35 நீளம். கையை மேலே தூக்கிப் பிடிப்பார், அல்லது பந்தை விட்டுத் தள்ளி நிற்பார். தள்ளி நின்றால் பட்டரின் நுனி தரையை விட்டு எழும்பும், பந்து இடது பக்கம் போகும். பந்துக்கு முன் நின்று, மூக்குத் தண்டிலிருந்து இன்னொரு பந்தைக் கீழே விடுங்கள். அது கீழே இருக்கும் பந்தின் மேலேயோ, அதற்குச் சற்று உள்ளேயோ விழ வேண்டும். அதைவிட ரொம்ப உள்ளே விழுந்தால் தள்ளி நிற்கிறீர்கள். நீளம்தான் காரணம் என்றால் ஒரு அங்குலம் வெட்டிப் புது கிரிப் போட்டால் போதும். நான் வெட்டிக் கொடுத்த பட்டர்களில் திரும்பி வந்தது எதுவும் இல்லை.

மதுரையிலிருந்து, ஓய்வு பெற்றவர்: வயது அறுபத்தொன்று. அமெரிக்காவிலிருந்து மகன் அவனுடைய பழைய டிரைவரைக் கொடுத்தான். 9 டிகிரி, ஸ்டிஃப் ஷாஃப்ட். நடுவில் பட்டாலும் பந்து எழும்பவே மாட்டேன் என்கிறது.

ஐயா, உங்களுக்கு டிரைவர்தான் முதலில். நடுவில் பட்டும் எழும்பவில்லை என்கிறீர்களே, அது நான் மேலே சொன்ன பெருக்கல் குறியேதான். ஸ்டிஃப் ஷாஃப்ட்டை வளைக்க வேகம் வேண்டும், 9 டிகிரியில் பந்தை எழுப்பவும் வேகம் வேண்டும். மகனின் வேகம் வேறு, உங்கள் வேகம் வேறு. 12 டிகிரி, இன்னும் எளிதாக வளையும் சீனியர் அல்லது ரெகுலர் ஷாஃப்ட் எடுத்து அடித்துப் பாருங்கள். அதற்கு முன், தலையும் ஷாஃப்ட்டும் சேரும் இடத்தில் திருகாணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் லாஃப்ட்டை ஒன்றரை, இரண்டு டிகிரி ஏற்ற முடியும். புதிது வரும் வரை ஆட்டம் தொடங்கும் இடமான டீயிலிருந்து 5 வுட் கிளப்பால் அடியுங்கள்.

சென்னையிலிருந்து இன்னொருவர்: ஊட்டியில் 7 அயர்ன் 150 யார்டு போனது. திரும்பி வந்தால் 135தான். கிளப் போய்விட்டதா?

கிளப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேல் இருக்கிறது. அங்கே காற்று லேசு, பந்து ஏறக்குறைய பத்து சதவீதம் கூடப் போகும். புது கிளப்பை அங்கே அடித்துப் பார்த்து வாங்கிவிடாதீர்கள்.

திருச்சியிலிருந்து: பையில் 14 கிளப் இருந்தே ஆக வேண்டுமா?

14 என்பது உச்சவரம்பு. அதற்குக் கீழே எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். முதல் வருடத்துக்கு ஒன்பது தாராளம்.

பெங்களூரிலிருந்து: இணையத்தில் பாதி விலைக்குப் புது டிரைவர் கிடைக்கிறது. நம்பி வாங்கலாமா?

போலி நிறைய வருகிறது, நானே ஒன்று வாங்கி ஏமாந்திருக்கிறேன். மூன்றாவது வாரம் முகத்தில் விரிசல் விட்டது. டைட்டானியம் என்று சொன்னால் முகத்தில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். டைட்டானியத்தில் காந்தம் ஒட்டாது, ஒட்டினால் அது இரும்பு. தலையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள், உள்ளே எதுவும் உருளக் கூடாது. பழையது வாங்கினால் ஷாஃப்ட் தலைக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் கறுப்பு வளையத்தையும் கவனியுங்கள். அது மேலே ஏறியிருந்தால் பசை விட்டிருக்கலாம்.

முதலில் கேட்ட சென்னை நண்பர்: அண்ணா, கிரிப் எல்லாம் மாற்றி ஐந்து ரவுண்ட் ஆடிவிட்டேன். டிரைவருக்கு இரண்டே குறிதான். 4 அயர்னுக்கு ஒன்பது! நடுவில் பட்டாலும் தாழவே போய், கிரீனில் நிற்காமல் ஓடிவிடுகிறது.

ரொம்ப சந்தோஷம் தம்பி. டிரைவருக்கு வைத்திருந்த பணத்தில் பாதிகூட ஆகாது. 4 அயர்னை வீட்டில் வைத்துவிட்டு, அயர்னும் வுட்டும் கலந்த மாதிரி இருக்கும் 22 டிகிரி ஹைபிரிட் ஒன்று பாருங்கள். எடை கீழேயும் பின்னாலேயும் இருப்பதால் அதே வேகத்தில் பந்து உயரமாக எழும்பி, கிரீனில் மெதுவாக இறங்கும். ஷாஃப்ட் ரெகுலர் போதும். கடையில் பாயின் மேல் அடித்து முடிவு செய்யாதீர்கள். பந்துக்குப் பின்னால் தரையில் பட்டாலும் பாயில் கிளப் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைத் தூக்கிவிடும், தப்பு தெரியாது. யாரிடமாவது ஒரு நாள் கடன் வாங்கி, புல்லிலிருந்து இருபது பந்து அடித்துப் பாருங்கள்.