மகனை விடுங்கள், முதலில் ஸ்டூடியோ கம்ப்யூட்டருக்கு வாருங்கள்

கேள்வி: ஈரோட்டில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கம்ப்யூட்டர் கேம் ஒன்றைக்கூடக் காசு கொடுத்து வாங்குவதில்லை, எல்லாம் கிராக் செய்த, அதாவது பூட்டை உடைத்த திருட்டுக் காப்பி. கைச்செலவுக்குப் பணம் கொடுத்தும் ஏன் இந்தத் திருட்டுப் புத்தி? மற்றபடி கெட்டிக்காரன். பத்தாவது படிக்கும்போதே ஸ்டூடியோவுக்கு போட்டோஷாப் போட்டுக் கொடுத்தவன். எப்படித் திருத்துவது?

பதில்: வயசுக் கோளாறு, தானாகச் சரியாகிவிடும் என்று நான் எழுதப்போவதில்லை. இதே புலம்பலோடு எத்தனையோ அப்பாக்கள் எழுதிவிட்டார்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்துவது அந்தக் கடைசி வரிதான். போட்டோஷாப்புக்கு முறையாகப் பணம் கட்டியிருந்தால் அதைப் பத்தாம் வகுப்புப் பையன் 'போட்டுக் கொடுக்க' வேண்டிய அவசியமே வந்திருக்காதே! திருட்டுக் காப்பி என்று தெரிந்துதானே போடவிட்டீர்கள், கெட்டிக்காரன் என்று முதுகிலும் தட்டியிருப்பீர்கள். அன்றைக்குப் பாராட்டு வாங்கிக் கொடுத்த அதே வேலைக்கு இன்றைக்குத் திருட்டுப் புத்தி என்று பெயர் வைத்தால் அவன் என்னதான் நினைப்பான்?

அவன் விளையாடுகிறான், நீங்கள் அதை வைத்துச் சம்பாதிக்கிறீர்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டம், பிரிவு 63பி-யே இந்த வித்தியாசத்தைப் பார்க்கிறது. திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபத்துக்கோ தொழிலுக்கோ பயன்படுத்தவில்லை என்றால் சிறை இல்லாமல் 50,000-க்குள் அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. அந்தச் சலுகை உங்கள் மகனுக்குக் கிடைக்கலாம், ஆல்பம் போட்டுக் காசு வாங்கும் உங்களுக்குக் கிடைக்காது.

அதைவிட எனக்குக் கோபம் வேறொன்றில். கிராக் போடும்போது பெரும்பாலும் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். உங்களை நம்பி ஊர்க்காரர்கள் கொடுத்த கல்யாணப் படம், வளைகாப்புப் படம், வீட்டுப் பெண்களின் படம் எல்லாம் இருக்கும் கம்ப்யூட்டர் அது. யாரோ முகம் தெரியாதவன் எழுதிய ஃபைலுக்கு அதன் கதவைத் திறந்துவிட்டிருக்கிறீர்கள். அது எங்கே போய் முடியும் என்று யோசித்தீர்களா?

சரி, பையன்கள் ஏன் காசு கொடுப்பதில்லை? புது கேம் நாலாயிரம், ஐந்தாயிரம் என்று விற்கிறது, தங்கள் லேப்டாப்பில் ஓடுமா என்ற சந்தேகம் வேறு, பணம் கட்ட கார்டும் கிடையாது. இது உண்மையான கஷ்டம்தான், நான் மறுக்கவில்லை. 90-களில் போலந்து முழுக்கத் திருட்டு சிடி விற்றது. அங்கே சிடி ப்ராஜெக்ட் என்ற கம்பெனி 1999-இல் 'பால்டர்ஸ் கேட்' விளையாட்டைப் போலிஷ் மொழியில், போலந்து நடிகர்களைப் பேசவைத்து, வரைபடமெல்லாம் போட்ட கனமான பெட்டியில் கொண்டுவந்தது. ஜனங்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். மரியாதையாக விற்றால் வாங்க ஆள் உண்டு.

இன்றைக்கு ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் ரூபாயிலேயே விலை போடுகிறார்கள். வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். தள்ளுபடிக் காலத்தில் பல கேம்களின் விலை பாதிக்கும் கீழே இறங்கும். எபிக் என்ற இன்னொரு ஆன்லைன் கடையில் வாராவாரம் இலவசமாகவே கேம் தருகிறார்கள். இத்தனைக்குப் பிறகும் அவன் கிராக் தேடுகிறான் என்றால் அது பழக்கம், அந்தப் பழக்கத்துக்கு முதல் சபாஷ் உங்கள் வாயிலிருந்து வந்தது.

பிள்ளைக்குப் புத்தி சொல்வதற்கு முன் தான் நடந்து காட்டுவது அப்பாவின் கடமை என்று நம்புகிறவள் நான். அதனால் இந்த மாதமே போட்டோஷாப் சந்தாவைக் கட்டுங்கள், மகனைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கட்டுங்கள். ஏன் கட்டுகிறேன், இத்தனை வருஷம் ஏன் கட்டவில்லை என்று அவனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் படங்களைத் தனி ஹார்டு டிஸ்க்கில் எடுத்துவைத்துவிட்டு, கம்ப்யூட்டரை முழுசாக அழித்துப் புதிதாக விண்டோஸ் போடுங்கள், அதையும் காசு கொடுத்து வாங்கி. அப்புறம் அவனுக்குப் பிடித்த கேம் ஒன்றை உங்கள் பணத்திலேயே வாங்கிக் கொடுங்கள். அடுத்ததை அவன் கைச்செலவுப் பணத்திலிருந்து அவனே வாங்கட்டும்.