"பத்திரமெல்லாம் என் கையில கொடுத்துட்டார் அப்பா"

அன்புள்ள மேடம்,

எங்கள் ஊர் தேவிபட்டினத்துக்கும் திருப்பாலைக்குடிக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது. நான் கல்யாணமாகி கோயம்புத்தூரில் இருக்கிறேன். அண்ணன் மஸ்கட்டில். ஊரில் அப்பா, அம்மா, அப்பத்தா மூன்று பேர்தான்.

அப்பாவுக்கு 58 வயது. மூன்று ஏக்கர் மானாவாரி. மழை பெய்தால் நெல், கொஞ்சம் குண்டு மிளகாய். மழை பொய்த்த வருஷங்களில் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் எனக்குக் காலேஜ் பீஸ் கட்டினார். ராத்திரியெல்லாம் மூட்டத்தைக் காவல் காத்துவிட்டு, விடிந்ததும் கரி அப்பிய சட்டையோடு என்னை டிவிஎஸ் ஃபிப்டியில் பஸ் ஸ்டாப்பில் கொண்டுவந்து விடுவார். குடிப்பழக்கம் கிடையாது. நாங்கள் சாப்பிட்ட பிறகுதான் அவர் தட்டு எடுப்பார். எங்களுக்காகவே வாழ்ந்த மனுஷன்.

போன வருஷம் பால் பிடிக்கிற நேரத்தில் கண்மாய் வற்றி நெல் கருகிவிட்டது. இந்த வருஷம் அறுக்கப் போகிற சமயத்தில் மழை பிடித்துக்கொண்டு, சாய்ந்த கதிர் வயலிலேயே முளைத்துவிட்டது. மிளகாய்ச் செடியும் அழுகிப் போனது. அம்மா நகை கூட்டுறவுச் சங்கத்தில் இருக்கிறது. வெளியிலும் வட்டிக்கு வாங்கியிருக்கிறார், எவ்வளவு என்று சொல்ல மாட்டேன் என்கிறார். அண்ணன் பணம் அனுப்புகிறேன் என்றால், "ஒம் பிள்ளைக்குச் சேத்து வையிப்பா" என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறார்.

தை மாதத்திலிருந்தே சரியாகத் தூங்குவதில்லை. ரெண்டு மணி, மூணு மணிக்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார் என்று அம்மா சொல்கிறார். டீக்கடைக்குப் போவதை விட்டுவிட்டார். பாதிச் சோற்றில் கை கழுவிவிடுகிறார். ஆசையாக வளர்த்த கிடாவைக்கூடப் பங்காளி வீட்டுக்குச் சும்மா கொடுத்துவிட்டார்.

குலசாமிக்கு எடுக்கிற மாசிக் களரித் திருவிழாவுக்கு நாங்கள் போயிருந்தபோது மட்டும் நல்லபடியாக இருந்தார். ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்துப் பேசினார். மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு ஒரு மஞ்சப்பையைக் கொடுத்தார். பட்டா, சங்கத்துப் பாஸ்புக், பயிர்க் காப்பீட்டு ரசீது எல்லாம் அதில் இருந்தது. "எது எது எங்க இருக்குன்னு நீயும் தெரிஞ்சுக்க ஆத்தா. அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். பொறுப்பை நம்மிடம் விட்டுவிட்டு இனியாவது நிம்மதியாக இருப்பார் என்று எனக்கும் ஆறுதலாக இருந்தது.

ஆனால் கோவைக்கு வாருங்கள், நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்றால் மட்டும் வாயே திறப்பதில்லை. என் கணவரும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டார். அப்பத்தாவோ ஏதோ காத்து கருப்பு பட்டிருக்கிறது, ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போய்த் தங்க வையுங்கள் என்கிறார். இந்தப் பிடிவாதத்தை எப்படி மாற்றுவது மேடம்? சில நேரம் கோபமாக வருகிறது.

பெயர் வேண்டாம்.

ஆலோசகரின் பதில்

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே போனில் பேசினேன். நீங்களும் அன்று இரவே பஸ் ஏறிவிட்டீர்கள். அவசரத்தில் சொன்னதைக் கொஞ்சம் நிதானமாக இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கிற வேறு வீடுகளுக்கும் உதவும் என்பதால், உங்கள் சம்மதத்தோடு அடையாளங்களை மாற்றி வெளியிடுகிறேன்.

நீங்கள் கேட்டது பிடிவாதத்தைப் பற்றி. என்னைப் பயமுறுத்தியது நீங்கள் ஆறுதல் என்று எழுதிய இடம். மாதக்கணக்கில் தூக்கமில்லாமல், சாப்பிடாமல், யாரையும் பார்க்காமல் இருந்த ஒருவர் திடீரென்று தெளிந்து சிரிக்கிறார். வளர்த்த கிடாவைத் தூக்கிக் கொடுக்கிறார். எது எங்கே இருக்கிறது என்று மகளிடம் ஒப்படைக்கிறார். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. சேர்த்துப் பார்த்தால், போவதற்கு முடிவெடுத்த மனிதர் செய்கிற காரியங்கள் இவை. அந்த முடிவே ஒரு அமைதியைத் தரும். வீட்டில் இருப்பவர்கள் அதைக் குணமாகிவிட்டது என்று நினைத்துவிடுவார்கள்.

"குடும்பத்து மேல இவ்வளவு பாசம் வச்சவர் அப்படிச் செய்வாரா?" என்று போனில் கேட்டீர்கள். பாசம் காவல் நிற்கும் என்று எல்லோருமே நம்புகிறோம். மனச்சோர்வு நோயில் அது அப்படி வேலை செய்வதில்லை. பிள்ளைகளுக்குக் கொடுத்தே பழகியவருக்குக் கை வறண்டுவிட்டது. 'நான் இருந்தால் இவர்களுக்குப் பாரம், இல்லாவிட்டால் கடன் என்னோடு முடியும்' என்று நோய் அவருக்குத் தப்புக் கணக்குப் போட்டுக் காட்டுகிறது. குடும்பத்துக்கு நல்லது செய்கிறோம் என்றே அவர் அதை நினைக்கக்கூடும். அதனால்தான் "எங்களை நினைச்சுப் பாத்தீங்களா" என்று மட்டும் கேட்காதீர்கள் என்றேன். ராப்பகலாக உங்களைத்தானே நினைத்துக்கொண்டிருக்கிறார்!

நேராகக் கேட்கச் சொன்னேன். "அப்பா, உசிரோட இருந்து என்னத்துக்குன்னு தோணுதா? செத்துப் போயிரலாம்னு நினைப்பு வருதா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. தனியாகச் சுமந்ததை ஒருவரிடம் சொல்ல வழி கிடைக்கிறது, அவ்வளவுதான். உங்கள் அப்பா என்ன பதில் சொன்னார் என்பது உங்கள் வீட்டோடு இருக்கட்டும்.

மிளகாய்க்கு அடிக்க வாங்கிய மருந்து மிச்சம் மீதி ஒரு சொட்டுகூட வீட்டிலோ வயலிலோ இருக்கக் கூடாது. பங்காளி வீட்டில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள், சாவி அவர்களிடமே இருக்கட்டும். முடிவெடுத்தவருக்கு வேறு வழியா இல்லை, இதை மறைத்து என்ன பயன் என்று சிலர் கேட்பார்கள். உங்கள் ஊருக்கு எதிர்க்கரையில் இருக்கிற இலங்கையைப் பாருங்கள். கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். 1995-க்குப் பிறகு பத்தே ஆண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. விளைச்சல் குறையவில்லை. அந்த எண்ணம் அலை மாதிரி வந்து போவது. அது உச்சத்தில் இருக்கிற கொஞ்ச நேரம் கைக்கு எட்டும் தூரத்தில் விஷம் இல்லையென்றால் பெரும்பாலோர் தப்பிவிடுகிறார்கள்.

அடுத்தது மருத்துவம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மனநலம் என்றால் வர மாட்டார் என்று தோன்றினால், தூக்கம் வரவில்லை, உடம்பு இளைத்துவிட்டது என்று சொல்லியே கூட்டிப் போங்கள். அது பொய்யும் இல்லையே. ஆனால் இறப்பு எண்ணம் பற்றி டாக்டரிடம் நீங்கள் தனியாகச் சொல்லியாக வேண்டும். மாத்திரை வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம் பிடிக்கும். ஒரு வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். அதுவரை அவர் தனியாக இருக்கக் கூடாது. அம்மா ஒருவரே விழித்திருந்தால் அவரும் விழுந்துவிடுவார், இரவில் முறை வைத்துக்கொள்ளுங்கள். நடுராத்திரியில் கை நடுங்கினால் 14416-க்குக் கூப்பிடுங்கள், அது அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள். 104-க்கும் அழைக்கலாம்.

அப்பத்தாவிடம் சண்டை போட வேண்டாம். ஏர்வாடிக்குப் போய் வேண்டிக்கொண்டு வரட்டும், அந்த நம்பிக்கை அவருக்குத் தெம்பு. தங்க வைப்பது, கட்டி வைப்பது மட்டும் கூடவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகினார்கள். 2017 மனநலச் சட்டப்படி மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதே குற்றம். இன்று தர்காவிலேயே 'தவா துவா' என்று மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்து நடக்கிறது. அப்பத்தாவை வழிக்குக் கொண்டுவர இது ஒன்றே போதும்.

கடனை அண்ணன் கையில் எடுக்கட்டும். பணத்தை முதலில் அனுப்ப வேண்டாம், அது அப்பாவை இன்னும் குறுக வைக்கும். "நாம ரெண்டு பேரும் கணக்கு எழுதுவோம்ப்பா" என்று போனில் உட்காரட்டும். வட்டிக்கு விட்டவர் எத்தனை பேர், யாருக்கு எவ்வளவு என்று தாளில் வந்துவிட்டால், அவர் தலைக்குள் ஊதிப் பெருத்திருப்பது கொஞ்சம் சுருங்கும். சங்கத்தில் நகைக் கடனைத் திருப்பி வைக்க முடியுமா என்று கேளுங்கள். காப்பீட்டு ரசீதை வேளாண்மை அலுவலகத்தில் காட்டுங்கள். நெல்லுக்கு வருவாய் கிராம அளவில் அறுவடைப் பரிசோதனை நடத்தி மகசூல் இழப்பைக் கணக்கிடுவார்கள். தனியாக மனுக் கொடுக்கவில்லை என்பதற்காக விட்டுப்போகாது.

உங்கள் கோபம் நியாயம்தான். அதை என்னிடமோ உங்கள் கணவரிடமோ கொட்டுங்கள், அப்பாவிடம் இப்போது வேண்டாம்.

கோவைக்கு அவரை அழைத்து வருவது இப்போதைக்குச் சரியாக வராது. முகம் தெரிந்த ஒரு ஆள் இல்லாத அடுக்குமாடியில், செய்ய வேலை ஏதும் இல்லாமல், நீங்கள் ஆபீஸ் போன பிறகு அவர் யாரோடு இருப்பார்? நீங்கள் கொஞ்ச நாள் ஊரில் இருங்கள். புரட்டாசியில் புழுதி விதைப்புக்கு இன்னும் மாதங்கள் கிடக்கின்றன. குத்தகைக்கு விடுவதா, தானே உழுவதா என்பதைத் தூக்கமும் பசியும் திரும்பிய பிறகு அவரே சொல்லட்டும்.