அவள் எந்த அறையில் அழுதாள்?

கேள்வி: ரப்பர்த் தோட்டம் எண்ணெய் தரும் செம்பனைக்கு மாறியதும் வேலையோடு தோட்டம் கொடுத்த லய வீட்டையும் இழந்து, தண்டவாளத்து ஓரப் புறம்போக்கில் பலகை வீடு போட்டுக் குடியேறிய ஒரு குடும்பம், அந்த வீட்டு 14 வயது மகளைப் பற்றி நாவல் எழுதுகிறேன். ஆண்டு 1985. அம்மா இப்போது ஒரு சின்ன ரப்பர்த் தோட்டத்தில் மரம் சீவிப் பால் வெட்டுகிறாள். படித்துப் பார்த்த தோழி, “பாவமாத்தான் இருக்கு, ஆனா அந்தப் பொண்ணு கண்ணு முன்னால வரலையே” என்கிறாள். எங்கே தவறு?
– வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: அன்புச் சகோதரி, நீங்கள் அனுப்பிய மூன்றாம் அத்தியாயத்தில் “அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு அழுதாள்” என்று ஒரு வரி இருக்கிறது. எந்த அறை? ஐந்து பேர் படுக்கும் வீட்டில் ஒரு சேலைத் திரைதான் தடுப்பு. பலகை இடுக்கில் பக்கத்து வீட்டு இருமல்கூடக் கேட்கும். அழுவதற்கு அவளுக்கு இடமே கிடையாது. அந்த இடத்தை அவள் தேட ஆரம்பித்தால் தோழியின் கண்முன் வந்துவிடுவாள்.

வீட்டையும் சுற்றுப்புறத்தையும் ஒரு தாளில் வரையுங்கள். அடுப்பு, பாய், குளிக்கும் மறைப்பு, பொதுக் கழிவறை, தெருக்குழாய் எல்லாவற்றுக்கும் தூரம் குறியுங்கள். அடுத்து தண்ணீர்க் கணக்கு. நாலு கேலன் டின் நிறைந்தால் 18 கிலோ. ஐந்து பேருக்கு ஆறு டின் என்று வைத்தால், குழாய் 100 மீட்டரில் இருந்தாலும் போக வர 1.2 கிலோமீட்டர், அதில் பாதி சுமையோடு. டின் வாயில் குறுக்கே அடித்த கட்டை உள்ளங்கையில் தடம் பதித்திருக்கும். அதே கையால்தான் முதல் பாடவேளையில் பேனா பிடிக்கிறாள். கோணும் அந்த எழுத்தைக் காட்டுங்கள். “வறுமை” என்ற சொல்லை அடித்துவிடலாம்.

மாதவிலக்கை ஒரே வரியில் தாண்டியிருக்கிறீர்கள். துணியை எங்கே அலசுவாள், யார் கண்ணிலும் படாமல் எங்கே காயப்போடுவாள், இருட்டியபின் கழிவறைக்கு யாரைத் துணைக்குக் கூப்பிடுவாள்? ஓர் அத்தியாயமே இதற்கு வேண்டும்.

ஆண்டுக் கணக்கிலும் ஒரு பிழை. 1971இல் பிறந்தவள் 1978இல் தமிழ்ப்பள்ளியில் சேர்ந்து, 1983இல் ஆறாம் வகுப்பை முடித்து, 1984இல் ரிமூவ் வகுப்பில் (தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் மலாய்வழி இடைநிலைப்பள்ளிக்குத் தயாராகப் படித்த ஓராண்டு) உட்கார்ந்திருப்பாள். ஆகவே 1985இல் அவள் இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான முதலாம் படிவம்தான். நீங்கள் இரண்டாம் படிவம் என்று எழுதிவிட்டீர்கள். அதே வயது மலாய்த் தோழிதான் இரண்டாம் படிவத்தில் இருப்பாள். அந்த ஓர் ஆண்டு இடைவெளி அவளை உறுத்த வேண்டும். 12 வயதில் ஐசி (அடையாள அட்டை) எடுத்தாளா என்பதையும் முடிவு செய்யுங்கள். லயத்தில் பிறந்து, பிறப்பைப் பதியாமல் விட்டிருந்தால் கதை வேறு பக்கம் திரும்பும்.

பேச்சில் தோட்டம் என்பது அம்மாவுக்குத் “தீம்பாரு”, மகளுக்கு “எஸ்டேட்டு”, பள்ளிக்கூடத்தில் “லாடாங்”. விளக்கம் போடாமல் அப்படியே விடுங்கள், நம் வாசகருக்குப் புரியும். குடிகார அப்பா, கைதூக்கிவிடும் ஆசிரியர் இருவரையும் குறைத்துக்கொள்ளுங்கள். இருவரும் வரும் பக்கங்களில் அவள் வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

இனி அந்த அழுகை. தகரக் கூரையில் மழை அடித்தால் பக்கத்தில் படுத்திருப்பவர் பேச்சுகூடக் காதில் விழாது. எல்லாரும் இருக்கும்போதே, ‘தமிழ் நேசன்’ தாள் ஒட்டிய சுவர்ப் பக்கம் திரும்பி அவள் அழலாம். பசைமாவைக் கரப்பான் அரித்துப் பாதிச் செய்தி காணாமல் போன தாள் அது. ஆனால் இரவு மழையில் பட்டை நனைந்துவிட்டால் விடிந்ததும் பால் வெட்ட முடியாது, அம்மாவுக்கு அன்று கூலி இல்லை. மழை விடக்கூடாது என்று மகளும், விட்டால் போதும் என்று அம்மாவும் ஒரே பாயில் விழித்துக்கிடக்கட்டும். மூன்றாம் அத்தியாயத்தை அங்கிருந்து திரும்ப எழுதுங்கள்.