1800கள்ல அமெரிக்க சின்ன ஊர்கள்ல என்னென்ன கடை இருந்துச்சு?

மெயின் ஜெனரல் ஸ்டோர் தாங்க. காபி, ஆணி, துணி, மருந்துன்னு எல்லாம் ஒரே கூரைக்குள்ள, கையில காசில்லாத விவசாயி முட்டை வெண்ணெய் குடுத்துட்டு சாமான் வாங்கிப்பார், இல்லன்னா அறுவடை வரைக்கும் நோட்டுல கடன். பல ஊர்ல போஸ்ட் ஆபீஸும் அந்த கடை மூலைல தான், கிராமத்துல வீட்டுக்கே தபால் வர்றது 1896ல தான் ஆரம்பிச்சுது, அதனால லெட்டர் வாங்க வந்தவங்க அடுப்பு பக்கத்துல உக்காந்து ஊர்க்கதை பேசுவாங்க.

கடை நடத்துறது லேசில்ல. இல்லினாய்ஸ்ல நியூ சேலம்ங்கற குட்டி ஊர்ல நம்ம ஆபிரகாம் லிங்கனே பார்ட்னர்ஷிப்ல கடை போட்டு நொடிச்சு போனார், பார்ட்னர் செத்ததும் அவர் கடனும் இவர் தலைல! 1833ல அங்கயே போஸ்ட்மாஸ்டர் ஆனார்.

அப்புறம் கொல்லர் பட்டறை, வாடகைக்கு குதிரை விடுற லாயம். மரச்சாமான் செய்யற தச்சரே சவப்பெட்டியும் செய்வார்.