பழைய காரின் பிரேக் குழாயில் ஓரிடத்தில்தான் துரு. அந்தத் துண்டை மட்டும் மாற்றினால் போதுமா?

போதாது, முழுக் குழாயையும் மாற்றிவிடுங்கள். பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சும். வெளியே ஓரிடத்தில் துரு தெரிந்தால் உள்ளே வேறெங்கோ அரித்திருக்கலாம். புதிதாகப் போடுவதற்கு என் தேர்வு செம்பு-நிக்கல் கலவைக் குழாய். துருப்பிடிக்காது, கையாலேயே வளையும். தனிச் செம்பு வேண்டவே வேண்டாம்; அதிர்வில் இறுகி விரிசல் விடும்.

பழைய குழாயின் முனையைக் கூர்ந்து பாருங்கள்: இரட்டை மடிப்பா, குமிழ் வடிவமா? புதிய குழாயின் முனையையும் அதே வடிவில் விரிக்க வேண்டும், இல்லையென்றால் கசியும். விரிப்பதற்கு முன்பே நட்டைக் குழாயில் கோத்துவிடுங்கள். மறந்தால், அழகாக வந்த முனையை அறுத்தெறிய வேண்டியதுதான். மாற்றி முடித்ததும் பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள்.

பெட்ரோல் ரப்பர் குழாயையும் விரலால் வளைத்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு தெரிந்தால் பெட்ரோலில் கலந்துவரும் எத்தனாலைத் தாங்கும் குழாய் போடும்வரை இன்ஜினை இயக்காதீர்கள்.